ஓர் எஞ்சின் பணியிடம் காலி

"ஏங்க, எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்லையே. ஏன்?"

"வந்ததுலேர்ந்து ஏதோ கேக்கப்போற மாதிரியே மூஞ்சிய வெச்சிருக்கீங்க. அதான்."

"இருமல் மருந்துப் பெட்டி எல்லாம் சரியா இருக்கா பாத்தியா?"

"பாத்தேன். சரியா இருக்கு."

"அப்ப சரி."

"ம். சரி."

அவனும் அவன் மனைவியும் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டது கடைசியாக இவ்வளவுதான். ஜீப் படுத்துவிட்ட பிறகு, அலுவலக வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், அவன் இந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். நினைத்தால் துக்கமாக ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. தொடுவது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

அவன் மலைச் சுகாதாரத் துறையின் ஜீப் ஓட்டுநர். அவள் அதே துறையில் நர்ஸ். மலையுச்சி மருந்தகத்தில் மருந்து கொடுப்பதிலிருந்து கதவுக்கு எண்ணெய் போடுவதுவரை எல்லாம் அவள்தான். கல்யாணமான புதிதிலேயே அவளுக்கு மேலே வேலை போட்டுவிட்டார்கள், அவனுக்குக் கீழே. வாரத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவான். இறக்கி வைப்பான். அவள் டீ போடுவாள். அவள் பேசுவாள், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால், அவன் போட்டிருக்கும்போதே தைத்துக் கொடுப்பாள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவான். அந்த ஜீப்தான் அவர்களுடைய குடித்தனம்.

அவளிடம் கேட்க அவனுக்கு ஒன்று இருந்தது. நானும் இங்கேயே இருந்துவிடட்டுமா என்பதுதான் அது. ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டு, மருந்தகத்தின் பின்னால் இருக்கிற அந்த இரண்டு அறைகளில், அவளோடு. ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைச் சொல்லிப் பார்ப்பான். முதல் கியரில் நன்றாகவே வரும். உச்சியில் போய் எஞ்சினை அணைத்தால் வாயும் சேர்ந்து அணைந்துவிடும். அவள் தனியாக இருந்து பழகிவிட்டவள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு ஏறுவது? கேட்காதவரை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் வருஷங்கள் ஓடிவிட்டன.

கடைசியாக இறங்கி வந்த அன்று, அடிவாரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு பெரிதாக ஒன்று. பிறகு சத்தமே இல்லை. ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"பிளாக்கே பொளந்துருச்சுண்ணே. ராடு வெளிய வந்து ஊரைப் பாக்குது."

"சரி பண்ண முடியாதா?"

"இத வெச்சு இனிமே பூந்தொட்டிதான் பண்ணலாம். வேற எஞ்சின் போட்டுருவோம். பழைய ஜீப்புதானே, எதப் போட்டாலும் கோச்சுக்காது. கியர்பாக்ஸோட சேர நடுவுல ஒரு தகடு கடைஞ்சாப் போதும். மேல ஏற இழுவைதான் முக்கியம், வேகம் எவனுக்கு வேணும்? என்கிட்டயே மூணு நாலு எஞ்சின் கெடக்கு. எதுன்னு சொல்லச் சொல்லுங்க, ஒரு வாரத்துல மாட்டிடறேன்."

எது என்று சொல்லவேண்டியது அலுவலகம்.

வேறு இடமாக இருந்தால் இது கிடங்குப் பிரிவுக்குப் போயிருக்கும். இங்கே அப்படியில்லை. துறை தொடங்கிய காலத்தில், 'ஓட்டுநர் ஒன்று, ஜீப் ஒன்று ஆகிய பணியிடங்கள் அனுமதிக்கப்படுகின்றன' என்று யாரோ அவசரத்தில் ஒரே வரியாக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜீப் ஊழியர் பிரிவின் கீழ் வந்தது. வருஷா வருஷம் அதற்கு நடத்தை மதிப்பீடு எழுதினார்கள். கீழ்ப்படிதல் நன்று, நேரம் தவறாமை சுமார், மேலதிகாரிகளிடம் பழகும் விதம் திருப்திகரம். ஒரு வருஷம் ஜீப்புக்கு 'மிக நன்று' கிடைத்து, ஓட்டுநருக்கு 'சுமார்' கிடைத்தது. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அவனுக்கும்தான்.

ஊழியர் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எஞ்சின் ரிப்பேர்னு எழுதியிருக்கீங்க. எங்க பிரிவுல ரிப்பேர்னு ஒண்ணு கிடையாதுப்பா. ஓய்வு, ராஜினாமா, பணிநீக்கம், மரணம். இதுல எது?"

"பிளாக் பொளந்துடுச்சு மேடம்."

"அது காரணம். நான் கேக்கறது வகை."

அவன் யோசித்தான். "மரணம்னு போடலாமா மேடம்?"

"மரணம்னா டாக்டர் பாத்து எழுதித் தரணும். நம்ம டாக்டர் எஞ்சினெல்லாம் பாக்க மாட்டேங்கறார். கியர்பாக்ஸ் போனப்பவே ரொம்பக் கோச்சுக்கிட்டார். வேணாம். ஓய்வுன்னே போட்டுடறேன். கௌரவமா இருக்கும்."

ஓய்வு என்றால் பிரிவுபசார விழா உண்டு. எஞ்சினைக் கழற்றி, சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, கூட்ட அறையின் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார்கள். மிச்சமிருந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் ஊறியது. குடும்பத்தார் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று கேள்வி வந்தது. ஓட்டுநரை உட்காரவைத்தார்கள்.

துறைத் தலைவர் பேச எழுந்தார். அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டார், தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்ப்பார்.

"இந்த எஞ்சின் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை," என்று ஆரம்பித்தார். "ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. எதை ஊற்றினாலும் குடித்தது. எங்கே போகச் சொன்னாலும் போனது. எண்ணெய் மாற்றச் சொல்லிக் கோரிக்கை வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் அதைப் பரிசீலனையில் வைத்தேன். பரிசீலனையில் இருந்த காலம் முழுவதும் இந்த எஞ்சின் பொறுமையாக ஓடியது. உள்ளுக்குள்ளே வெடித்தபோதுகூட முன்கூட்டியே சொல்லி நம்மைத் தொந்தரவு செய்யவில்லை. ஊழியர் என்றால் இப்படி இருக்கவேண்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். எஞ்சினுக்குக் கை இல்லாததால் ஓட்டுநர் மடியில் வைத்தார்கள். அவன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பிஸ்கட்டைத் தின்றான். அது தித்திப்பா உப்பா என்று பிறகு யோசித்தபோது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

மலையுச்சிக்குத் தொலைபேசி கிடையாது. வயர்லெஸ் பெட்டி மட்டும் உண்டு, அதுவும் பெரியவர் அறையில். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசி, 'ஓவர்' சொல்லி விரலை எடுத்தால்தான் எதிர்முனை பேச முடியும். அலுவல் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று பெட்டியின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது. விழா முடிந்த மறுநாள் மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். கண்காணிப்பாளர் அம்மா எடுத்தார். அவன் வாசலில் நின்றிருந்தான்.

"ஜீப் எப்ப வரும்? மருந்து குறைஞ்சுகிட்டே வருது. ஓவர்."

"பணியிடம் காலியாயிருக்கு. நிரப்ப நடவடிக்கை எடுத்துட்டிருக்கோம். ஓவர்."

"எந்தப் பணியிடம்? டிரைவருக்கு என்னாச்சு? மேடம், அவருக்கு என்னாச்சு? ஓவர்."

"அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கார். எஞ்சின்தான் ஓய்வு பெற்றிருக்கு. ஓவர்."

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க. ஓவர்," என்றாள். கண்காணிப்பாளர் அம்மா சிவப்பு எழுத்தைப் படித்துக் காட்டினார். தொடர்பு நின்றது.

அவள் குரல் நடுவில் ஒருமுறை உடைந்ததை அவன் கவனித்தான். கவனித்ததோடு சரி. வாசலிலிருந்தபடியே கேட்டான்:

"மேடம், நடந்து போயிட்டு வந்துடறேன். முடிஞ்ச மருந்தத் தூக்கிக்கிட்டு. லீவு போட்டுத் தர்றீங்களா?"

"நீங்க யாரு?"

"டிரைவர்."

"எதோட டிரைவர்?"

"ஜீப்போட."

"ஜீப் எங்க இருக்கு?"

"இங்க."

"அப்ப நீங்க அங்க போனா, அங்க போறது யாரு?"

அவன் லீவு கேட்பதை விட்டுவிட்டான். மேலேயிருந்து சந்தைக்கு நடந்தே இறங்கி வருகிறவர்களின் பையில் முடிந்த மருந்தை வைத்துக் கொடுத்தனுப்பினான். அவர்களில் ஒரு பாட்டி, "நர்ஸம்மா கேட்டுச்சு, வீட்டுக்காரர் நேரத்துக்குச் சாப்பிடறாரான்னு," என்றார். "சாப்பிடறேன்னு சொல்லுங்க," என்றான். பாட்டி அவன் முகத்தை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச காலத்தில் விளம்பரம் வந்தது. 'எஞ்சின் ஒன்று தேவை. மலைப்பாதையில் முன் அனுபவம் அவசியம். வயது வரம்புக்குள் இருக்கவேண்டும். ஓய்வுபெற்ற எஞ்சினின் வாரிசுகளுக்கு முன்னுரிமை.' நேர்முகத் தேர்வு நாளன்று மெக்கானிக் தன் எஞ்சின்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நடைபாதை பெஞ்சுகளில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின்மேலும் ஒரு எண் ஒட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் வைத்தார்கள். மெக்கானிக் இதிலெல்லாம் ஆச்சரியப்படவில்லை. சரக்கு விற்றால் சரி என்று தலைவாரிக்கொண்டு வந்திருந்தார். ஒரு எஞ்சினுக்கு வெள்ளிப் பெயிண்டு அடித்திருந்தார், இன்னும் காயவில்லை.

"அண்ணே, உங்களுக்கு எது புடிச்சிருக்கு?" என்று ஓட்டுநரின் காதோரம் குனிந்து கேட்டார்.

"எதுவானாலும் மேல ஏறினாப் போதும்."

"அது மட்டும் அவங்க கேக்கவே மாட்டாங்க, பாருங்க."

கேட்கவில்லை. தேர்வுக் குழுவில் பெரியவரும் கண்காணிப்பாளர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு புது எஞ்சின், பெட்டியே பிரிக்காதது.

"மலையில் எத்தனை வருஷ அனுபவம்?"

"புத்தம் புதுசு சார்," என்றார் மெக்கானிக். "கைபடாதது."

"அனுபவமில்லாதவர்களை எடுத்து, துறை உட்கார்ந்து பாடம் சொல்லித் தரவேண்டுமா?"

"சார், இதுல கம்ப்யூட்டர் இருக்கு. உள்ள ஏதாவது கோளாறுன்னா தன்னாலயே சொல்லிடும்."

பெரியவர் முதல்முறையாகப் பார்வையைக் கீழே இறக்கினார். "தன்னாலேயே சொல்லுமா? யாரைக் கேட்டு?"

புது எஞ்சினை வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்தது பழைய ஜீப்பில் இருந்த அதே ரகம், இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிப் பழுது பார்த்தது. அப்படியே தூக்கி வைத்தால் தகடுகூடக் கடையவேண்டாம். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார்கள். மெக்கானிக் பேட்டரியை மாட்டி ஓடவிட்டார். அறை முழுக்கப் புகை. பெரியவர் இருமிக்கொண்டே 'குரல் கணீர்' என்று குறித்துக்கொண்டார். ஓட்டுநருக்கு அந்தச் சத்தம் தெரிந்த சத்தம். வளைவுகளில் தான் சொல்லிப் பார்த்த வாக்கியம் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே கிடப்பது போலிருந்தது. ஆனால் கண்காணிப்பாளர் அம்மா பிறந்த வருஷத்தைக் கேட்டார். வயது வரம்பு தாண்டியிருந்தது.

"பெயிண்டு அடிச்சா வயசு குறைஞ்சிடுமாப்பா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்த அம்மாவின் விரலில் வெள்ளிப் பெயிண்டு ஒட்டியிருந்தது.

மூன்றாவது ஒரு சின்ன லாரியின் எஞ்சின். இழுவை ஏகம். அதுதான் குறையாகிவிட்டது. "தகுதிக்கு மீறிய தகுதி," என்றார் பெரியவர். "இங்கே சேர்ந்து தொழில் பழகிவிட்டு, நாளைக்குப் பெரிய வண்டி கிடைத்தால் நம்மை விட்டுப் போய்விடும். இவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்."

கடைசியில் மெக்கானிக் தயங்கித் தயங்கி ஒரு தண்ணீர் பம்பு மோட்டாரைக் கொண்டுவந்தார். அதே கம்பெனி தயாரித்தது. வாரிசு. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முகச்சாயல் அப்படியே இருக்கிறது," என்றார்.

"சார், இது ஜீப்புல உக்காராது," என்று ஓட்டுநர் சொன்னான். அன்றைக்கு அவன் வாயைத் திறந்தது அந்த ஒருமுறைதான்.

"ஜீப்பில் உட்காரவேண்டும் என்று யார் சொன்னது? பணியில் சேர்ந்தால் போதும்."

கருணை அடிப்படையில் பம்பு மோட்டாருக்கு அலுவலகத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. துறையிலேயே அன்றாடம் வேலை செய்தது அது ஒன்றுதான்.

ஜீப்புக்கு வேண்டிய எஞ்சினைப் பொறுத்தவரை, தகுதியுள்ளவர் எவருமில்லை என்று குழு முடிவு செய்தது. அப்படியானால் விதியில் ஒரே வழிதான் இருந்தது. ஓய்வுபெற்றவருக்கே பணி நீட்டிப்பு.

"அனுபவம் இருக்கிறது. நடத்தை நன்று. குழுவின் எந்தக் கேள்விக்கும் தவறான பதில் சொல்லவில்லை," என்று பெரியவர் ஆணையில் கையெழுத்திட்டார்.

உடைந்த எஞ்சினைத் திரும்ப ஜீப்பில் இறக்கிப் பூட்டினார்கள். பொளந்த இடத்தில் மெக்கானிக் வேஸ்ட் துணியைத் திணித்தார். "என்னை ஒண்ணும் கேக்காதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். ஆணையின்படி எஞ்சின் பணியில் சேர்ந்துவிட்டது. எஞ்சின் பணியில் இருந்தால் ஜீப் ஓடுகிறது. ஜீப் ஓடினால் ஓட்டுநர் அதில் இருக்கவேண்டும். வாரம் ஒருநாள் காலையில் மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள்; நடந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப இனி ஒன்றும் மிஞ்சாது. அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். டக் என்று ஒரு சத்தம் வரும். மாலைவரை உட்கார்ந்திருப்பான். பிறகு பெட்டிகளை இறக்கிக் கிடங்கில் வைத்துவிட்டு, 'மருந்து கொண்டுபோகப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போட்டான். போடக்கூடாது என்று தோன்றவில்லை. எதுவும்தான் தோன்றவில்லையே.

ஜீப்பின் முன்கண்ணாடிக்கு எதிரே அலுவலகச் சுவர். அதில் ஒரு பல்லி. முதல் வளைவு வந்திருக்கும் என்று பட்ட நேரத்தில் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும். அடுத்த வளைவுக்கு மறுபக்கம். நானும் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று வாய் பழக்கத்தில் முணுமுணுக்கும். தோட்டத்தில் வாரிசு கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். போகிற வருகிற ஊழியர்கள், "என்னப்பா, மேலே குளிரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முதலில் கேலியாகக் கேட்டார்கள். பிறகு பிறகு நிஜமாகவே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பெரியவர் அறைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். வயர்லெஸ் இரைந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் அம்மாவின் முகம் சிவந்திருந்தது.

"நீங்க பெற்றுக்கொண்டதா ஒத்துக்கிட்டாத்தான் நாங்க கோப்பை மூட முடியும். ஓவர்."

"வராததை எப்படிங்க வந்துச்சுன்னு சொல்றது?" அவள் குரல்தான். களைத்திருந்தது. "காய்ச்சல் மருந்து சுத்தமாத் தீந்துடுச்சு. காய்ச்சல்னு வர்றவங்களுக்கு ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஓவர்."

"ஜீப் வாராவாரம் வந்திருக்கு. இங்க கையெழுத்து இருக்கு. ஓவர்."

"யார் கையெழுத்து?" என்றாள். ஓவர் சொல்ல மறந்துவிட்டாள்.

கண்காணிப்பாளர் அம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்த்தார்.

"நீயே சொல்லிவிடுப்பா. உன் சம்சாரம்தானே? நீ சொன்னால் நம்புவார்கள். வந்தேன், கொடுத்தேன், அவ்வளவுதான். அலுவல் விஷயம்தான், பேசலாம், அனுமதி உண்டு. இதனால் உன் மதிப்பீட்டில் இந்த வருஷம் 'மிக நன்று'கூட வரலாம்."

பேசும் கருவியை அவன் கையில் கொடுத்தார்கள். கறுப்பாக, கனமாக, பலருடைய உள்ளங்கை பட்டு வழவழவென்று இருந்தது. அவன் பொத்தானை அழுத்தினான். இரைச்சல் நின்றது. இப்போது அவன் பேசினால் அவளுக்குக் கேட்கும். அவன் விடுகிறவரை அவளால் ஒன்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றுகூட.

"நான்தான்," என்றான்.

"வந்தேன்," என்று கண்காணிப்பாளர் அம்மா கிசுகிசுத்து எடுத்துக்கொடுத்தார்.

"நான்... வரல."

பெரியவரின் பார்வை ஒரு சாண் இறங்கி, அவன் முகத்தில் நின்றது.

"கையெழுத்து என்னுதுதான். ஆனா வரல. ஜீப் வாசல்லயே நிக்குது, நான் அதுல உக்காந்திருந்தேன். அது இனிமே எங்கயும் போகாது. காய்ச்சல் மருந்துப் பெட்டி ரெண்டையும் முதுகுல கட்டிக்கிட்டு இப்பவே கிளம்பறேன். நடந்துதான். ராத்திரிக்குள்ள பாதி வந்துருவேன், நாளைக்கு விடிஞ்சா அங்க."

"அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு..." என்று கண்காணிப்பாளர் அம்மா ஆரம்பித்தார்.

அது அவன் காதில் விழுந்தது. நெஞ்சில் எங்கேயோ வலிப்பது போல் இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று வலித்தது. பொத்தானை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"இன்னொண்ணு," என்றான். "வந்தா எனக்குத் திரும்ப இறங்க வேணாம்னு இருக்கு. ரொம்ப நாளாவே இருக்கு. மேல வந்து வந்து கேக்காமயே இறங்கிடுவேன். நானும் அங்கயே, உன்கூட, இருந்துடட்டுமா?"

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.